பீச் ரைடா? முதல்ல பிரேக்கைப் பாருங்க!
ஈ.சி.ஆர் பக்கம் போனாலே பிள்ளைகளுக்கு ஏ.டி.வி ரைடு வேண்டும். அதில் இரண்டு வகை. பைக் போல ஹேண்டில்பார் பிடித்து ஓட்டுவது குவாட். கார் போல ஸ்டீயரிங், சீட் பெல்ட்டோடு இருவர் அருகருகே உட்கார்ந்து போவது ‘சைடு பை சைடு’. இதன் எடை பெரும்பாலும் அதிகம். அதனால் நிறுத்த பிரேக்குக்கும் வேலை அதிகம்.

மாமல்லபுரம் மணலில் ஆக்ஸிலேட்டரை விட்டாலே வேகம் குறைந்துவிடும். ஆனால், உப்புக்காற்றில் காலிப்பர் துருப்பிடித்து இறுகினால், பிரேக் பிடிக்காதபோதும் பேட் டிஸ்க்கில் உரசித் தேயும். செங்கல்பட்டு ஏரிக்கரைச் சேற்றில் ஓட்டினால், இடையில் புகும் மண் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

பேட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஏறியதும் மெதுவாக ஓட்டி பிரேக்கை அழுத்துங்கள். கரகர சத்தமா? பிடிக்காமல் உள்ளே போகிறதா? உடனே இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்!