பத்திரப்படுத்திய கைகள்



நெதர்லாந்தில் லைடன் நகரில் தங்கிப் படிக்கிறேன். ஆம்ஸ்டர்டாம் இங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. போன மாதம் ஒரு விடுமுறை நாளில், ஒரே நாளில் மூன்று இடங்களைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மாணவியின் பர்ஸ் எப்போதும் மெலிந்ததுதானே! டப்பாவில் தயிர் சாதம், பாட்டிலில் தண்ணீர், காலில் பழகிய ஷூ. அருங்காட்சியகத்தில் நாள் முழுக்க நின்றால், கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறிய மாதிரி கால் கடுக்கும். நுழைவுச் சீட்டுகளை முன்னதாகவே இணையத்தில் வாங்கிவிட்டேன்.

முதலில் ரைக்ஸ் மியூசியம். 1885-இல் திறந்த பெரிய செங்கல் மாளிகை. அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு பாதை. ஜனங்கள் பாட்டுக்கு சைக்கிளில் போய் வருகிறார்கள்! உள்ளே எல்லோரும் கூடி நிற்கும் படங்களில் ஒன்று என்ன தெரியுமா? ராணியா, தேவதையா? இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு பணிப்பெண் ஜாடியிலிருந்து பாலை ஊற்றுகிறாள். மேஜையில் ரொட்டித் துண்டுகள். அவ்வளவுதான். வெர்மீர் என்ற ஓவியர் ஏறத்தாழ 1660-இல் வரைந்தது. அரை மீட்டர் உயரம்கூட இல்லாத சின்னப் படம். நாம் தினமும் செய்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத வேலை! அந்தப் பெண்ணின் கவனத்தைப் பார்த்தால், ஒரு சொட்டுகூடச் சிந்தாது என்று தோன்றுகிறது.

அடுத்து, பக்கத்திலேயே வான்கோ மியூசியம். அங்கே நீல வானத்தில் வெள்ளையாகப் பூத்த பாதாம் மரக் கிளைகள் என்னை நிறுத்திவிட்டன. 1890-இல் தம்பி தியோவுக்குப் பிள்ளை பிறந்ததும், பெரியப்பா வின்சென்ட் குழந்தைக்காக வரைந்த படம் அது. அதே ஆண்டு ஜூலையில் வின்சென்ட் இறந்தார். ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். தியோவின் மனைவி யோவுக்கு அப்போது வயது 28. கையில் ஒரு வயதுப் பிள்ளை. வீடு நிறைய, வாங்க ஆளில்லாத ஓவியங்கள். கட்டுக் கட்டாகக் கடிதங்கள்.

வேறொருத்தி என்றால் "இந்தப் பாரத்தை எங்கே கொண்டு வைப்பது?" என்று தள்ளியிருப்பாள். யோ எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுவந்தார். பிழைப்புக்கு ஒரு தங்கும் விடுதி நடத்திக்கொண்டே கண்காட்சிகளுக்கு ஏற்பாடு செய்தார். கடிதங்களைத் தேதி பார்த்து அடுக்கி, 1914-இல் புத்தகமாக்கினார். அந்தக் குழந்தை வளர்ந்து, குடும்பத்தில் இருந்த ஓவியங்களுக்கு வழி செய்ததால்தான் 1973-இல் இந்த மியூசியம் திறந்தது. ஒரு தாய் காப்பாற்றினாள், உலகம் பார்க்கிறது!

தயிர் சாதத்தை வெளியே புல்தரையில் முடித்துக்கொண்டு, கால்வாய் ஓரமாகவே நடந்து ஆன் ஃபிராங்க் இல்லத்துக்குப் போனேன். நாஜிகளுக்கு அஞ்சி எட்டு யூதர்கள் 1942-இலிருந்து ஒளிந்திருந்த இடம். 1944 ஆகஸ்டில் பிடிபட்டார்கள். அவர்களுக்கு உணவு கொண்டுவந்து கொடுத்த மீப் கீஸ் என்ற பெண், தரையில் சிதறிக் கிடந்த ஆனின் டைரித் தாள்களைப் பொறுக்கி, படிக்காமலே மேஜை இழுப்பறையில் வைத்தார், அவள் திரும்பி வந்தால் கொடுக்கலாம் என்று. அவள் வரவில்லை. எட்டுப் பேரில் பிழைத்து வந்தவர் அப்பா ஓட்டோ ஒருவர்தான். தாள்கள் அவர் கைக்குப் போய், 1947-இல் புத்தகமாயின.

அங்கே சுவரில் சில பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒளிந்திருந்த காலத்தில் மகள்கள் வளர்ந்த உயரத்தைப் பெற்றோர் குறித்த கோடுகள். அதன்முன் நிற்கும்போது எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, சமையல்கட்டு நிலையில என் உயரம் குறிச்சு வச்சிருந்தியே, அது இருக்கா?"

"இருக்குடி. பெயிண்டு அடிக்க வந்தவன்கிட்ட, அந்த ஓரத்தை மட்டும் விட்டுடுப்பான்னு சொன்னேன். அவன் சிரிச்சான். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்!"

சகோதரிகளே, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பரண் ஒழிக்கும்போது கொஞ்சம் நிதானியுங்கள். பழைய கடிதங்களில் உள்ள குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். துருவேறித் தாளை அரித்துவிடும். புகைப்படத்தின் பின்னால் பேரும் வருஷமும் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தெரியும். ஈரமும் அடுப்புச் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். குழந்தை கிறுக்கிய படத்தில் ஒன்றிரண்டாவது இருக்கட்டும்.

அதைப் பார்க்க ஊர் உலகம் வர வேண்டாம். நாளைக்கு ஒரு பேத்தி வந்து, "இது யார் எழுதினது பாட்டி?" என்று கேட்டால் போதாதா?