மணலும் கல்லும் மட்டும்தானா மாமல்லபுரம்?

காஞ்சிபுரத்தில் யாரிடமாவது "லீவுக்கு மாமல்லபுரம் போகலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அங்க என்ன இருக்கு? மணலும் கல்லும்தானே!" என்று பதில் வரும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தபோது ஒரு தடவை, அதோடு சரி. அதே ஆட்கள்தான் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் கடற்கரையை டிவியில் காட்டினால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள்.

ஷர்ம் எல் ஷேக் என்பது பாலைவனம் கடலில் வந்து முடியும் இடம். 1982-ல் சினாய் பகுதி எகிப்துக்குத் திரும்பக் கிடைத்த பிறகு, மணலின் மேல் வரிசையாக ஓட்டல்களைக் கட்டி அதை உல்லாச நகரம் ஆக்கினார்கள். மாமல்லபுரத்தில் கதை தலைகீழ். இங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதி மணலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தவை! காஞ்சியிலிருந்து வெறும் 65 கி.மீ. தூரத்தில் இருக்கிற இந்த ஊரை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவது, பார்க்கப் போகிறவருக்கும் நஷ்டம், அந்த ஊரில் உளி பிடிப்பவருக்கும் நஷ்டம்.

பயணம் காஞ்சியிலேயே ஆரம்பிக்கட்டும்

காஞ்சிக்காரர்கள் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவார்கள், வரதருக்குப் போவார்கள், ஏகாம்பரநாதருக்குப் போவார்கள். ஊர் ஓரத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயிலில் மட்டும் கூட்டம் இருக்காது. முதல் நாள் மாலை அங்கே போய்விட்டு வாருங்கள். அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் கட்டினான். இரண்டும் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. தலைநகரில் பெரும்பகுதி மணற்கல், கடலோரத்தில் கருங்கல். கைலாசநாதர் கோயில் சுற்றாலையில் இருக்கும் 58 சிறு சன்னதிகளில் சிலவற்றில் பழைய வண்ணப்பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் உப்புக்காற்று அரித்த கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். ஒரே அரசன் கட்டிய இரண்டு கோயில்களைக் காலமும் கடலும் எப்படி வேறு வேறாக நடத்தியிருக்கின்றன என்பது கைடு சொல்லாமலே புரியும்.

மணல் மறைத்ததும் கொடுத்ததும்

கடற்கரைக் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் மணலில் கால் வைக்க முடியாது. மூன்று சன்னதிகளில் இரண்டு சிவனுக்கு, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். பலரும் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். வளாகத்திலேயே கீழே இறங்கிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1990-ல் மணலை அகற்றியபோது ஒரு பூவராகர் சிலையும், கிணறு போன்ற வட்டமான அமைப்புக்குள் ஒரு குட்டிக் கோயிலும் வெளிப்பட்டன. அவ்வளவு காலம் பக்கத்திலேயே இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொன்று, வடக்கே சுமார் 5 கி.மீ. தூரத்தில் உள்ள சாளுவன்குப்பம். புலிக்குகை என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் முருகன் கோயிலைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். 2004 டிசம்பர் 26 சுனாமி அலைகள் மணலைப் புரட்டிப் போட்டபோது அந்தப் பக்கம் பாறைக் கல்வெட்டுகள் தெரிந்தன. அதைப் பிடித்துக்கொண்டு 2005-ல் தொல்லியல் துறை தோண்டியபோது பல்லவர் காலக் கோயிலும், அதற்கும் கீழே செங்கல் கோயிலும் கிடைத்தன. செங்கல் கட்டுமானம் சங்க காலத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கல்லில் செய்த பெரிய வேல் ஒன்றும் அங்கே இருக்கிறது. அத்தனை உயிர்களைக் கொண்டுபோன அதே கடல்தான் இதையும் காட்டிக்கொடுத்தது.

நிதானமாகப் பார்க்க மூன்று

ஐந்து ரதங்கள்: பாண்டவர் பெயர் இருந்தாலும் பாரதக் கதைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, அது பின்னால் வந்த பெயர். ஒவ்வொன்றும் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கியது. வேலை முடியவில்லை என்பது அடிப்பகுதியைப் பார்த்தாலே தெரியும். நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். சிற்பி அதற்குப் பக்கத்திலேயே ஒரு நிஜ அளவு யானையையும் செதுக்கி வைத்திருக்கிறான். யானையோடு படம் எடுத்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் சிலர்தான்.

அர்ச்சுனன் தபசு: அர்ச்சுனனா, பகீரதனா என்ற சண்டை அறிஞர்களுக்கு இருக்கட்டும். பாறையின் நடுவில் இருக்கும் பிளவைப் பாருங்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்ததற்கான அடையாளம் உண்டு. தண்ணீர் விழும்போது நாகர்கள் நீந்துவது போலத் தெரிந்திருக்கும்! கீழே ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பி நிற்கும் எலிகளையும் கண்டுபிடிக்காமல் கிளம்பாதீர்கள்.

வெண்ணெய் உருண்டைப் பாறை: 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்ட இடம். பக்கத்துச் சரிவுப் பாறையில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் சறுக்கி விளையாடி வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். 

கடலில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம். இந்தக் கரையிலும் கோவளத்திலும் மீனவ இளைஞர்கள் சொல்லித் தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. ஆனால் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிக் கடலில் இறங்குவது வேறு விஷயம். இங்கே அலை இழுப்பு அதிகம். கல்லூரி மாணவர்கள் மூழ்கிய செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. நீச்சல் தெரியும் என்பது குளத்தில் செல்லும் பேச்சு. எந்த இடத்தில் இறங்கலாம் என்று மீனவரைக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் கரையிலேயே நில்லுங்கள்.

நேரம் இருந்தால் தெற்கே சுமார் 15 கி.மீ. போய் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையைப் பார்க்கலாம். நெய்த துணியை வாங்கி ஏற்றுமதி செய்யத்தான் டச்சுக்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம்தான் பாலாறு கடலில் கலக்கிறது. காஞ்சியைத் தாண்டும்போது ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும் அதே பாலாறு! பாலைவனம் பார்க்க எகிப்து போக வேண்டும் என்கிறவர்கள் செவிலிமேடு பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே போதும்.

ஒரு மணி நேரச் சுற்றுலா யாருக்கு லாபம்?

2021-22-ல் தாஜ்மகாலைவிட அதிகமான வெளிநாட்டவர் மாமல்லபுரத்துக்கு வந்தார்கள், 1.4 லட்சத்துக்கும் மேல். ஆனால் பெரும்பாலான வண்டிகள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வண்டியை ஓட்டுபவர் நிறுத்துகிற கடையில்தான் சாமான் வாங்க முடியும். விலையில் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடும். கல் தூசியை மூச்சில் வாங்கிக்கொண்டு செதுக்கியவருக்குக் கிடைப்பது மிச்சம்தான். காஞ்சியிலும் இதே கதை. "நெசவாளர் வீட்டு விலை" என்று சொல்லி அழைத்துப் போவது பல சமயம் கமிஷன் கடைக்குத்தான். கோர்வைக் கரை வைத்த புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பதோ, விசைத்தறிப் புடவை எப்படி இருக்கும் என்பதோ அவசரமாக வந்துபோகிறவருக்கு எப்படித் தெரியும்?

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கும் உண்டு. சான்றிதழ் மட்டும் போதாது. வாங்குபவர் ஒரு அரை மணி நேரம் தறிக்குப் பக்கத்திலோ பட்டறை வாசலிலோ நின்றால்தான் கைவேலைக்கும் இயந்திர வேலைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடும். பிடிபட்டவர் பேரம் பேசும் விதமே மாறிவிடும். மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957-லிருந்து நடக்கிறது. அங்கே படித்து வருகிற பையன்களுக்கு இந்த ஊரிலேயே பிழைப்பு கிடைக்க வேண்டும் என்றால், நின்று பார்த்து வாங்குகிற ஆட்கள் வேண்டும்.

காஞ்சியிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரம்தான். காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம். வாங்குவதாக இருந்தால், உளிச் சத்தம் கேட்கிற பட்டறையாகப் பார்த்து நுழையுங்கள். உள்ளங்கை அளவு பிள்ளையார் என்றாலும் செதுக்கியவர் கையிலிருந்தே வாங்குங்கள்.