வீட்டிற்கு ஓர் இசைக் களஞ்சியம்



நம் இல்லங்கள் பலவற்றில் பரண்மேலோ அலமாரியின் அடித்தட்டிலோ கேசட்டுகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. அவற்றை ஒலிக்கச் செய்யும் டேப் ரெக்கார்டர் பழுதாகிப் பல்லாண்டுகள் கழிந்திருக்கும். ஆயினும் பெட்டியை எறிந்துவிட எவருக்கும் மனம் வருவதில்லை. திருமண நாளின் வாழ்த்துப் பாடலும், இன்று தந்தையாகிவிட்ட மகனின் மழலையும், மறைந்துபோன பாட்டியின் தாலாட்டும் அதற்குள் உறங்குகின்றன. திரைப்படப் பாடல்களை மாதச் சந்தா செலுத்திக் கைப்பேசியில் கேட்டுவிடலாம். பாட்டியின் தாலாட்டை எந்த நிறுவனத்தாரிடம் போய்க் கேட்பது?

இத்தகைய செல்வங்களையும், நாம் விலை கொடுத்து வாங்கிய குறுந்தகடுகளின் பாடல்களையும் ஓரிடத்தில் சேர்த்து, வீட்டின் எந்த அறையிலிருந்தும் கேட்குமாறு செய்யும் சிறு பெட்டி ஒன்றை நாமே அமைத்துக்கொள்ள முடியும். கணிப்பொறி அறிந்தோர் இதனைச் சர்வர் என்பர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. கேட்பவர்க்குக் கேட்ட பாடலை எடுத்துத் தரும் பணியாள் என்பதே அதன் பொருள்.

இப்பணியாள் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டியவன். ஆகவே அவன் எவ்வளவு உண்பான் என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. மேசைக் கணிப்பொறி ஒன்று 80 வாட் மின்சாரம் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனை இடைவிடாது இயக்கினால் 60 நாளில் ஏறத்தாழ 115 யூனிட் செலவாகும். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி 4 வாட்டில் இயங்குமானால், அதே 60 நாளில் 6 யூனிட்டைக் கூட எட்டாது.

இது எவ்வாறு இயலும் என்று சிலர் ஐயுறலாம். பாடலை அனுப்புவது கடினமான வேலையன்று. சேமித்து வைத்துள்ள கோப்பைப் படித்து, வீட்டின் வைஃபை வழியே சிறிது சிறிதாக அனுப்பினால் போதும். அதனை ஒலியாக மாற்றும் வேலையைக் கேட்பவரின் கைப்பேசியே பார்த்துக்கொள்ளும். மற்றொரு காரணம், அக்கணிப்பொறியின் உள்ளே இருக்கும் ஆர்ம் எனப்படும் சில்லு வகை. அதன் பிறப்பே வியப்புக்குரியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்னும் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் இதனை வடிவமைத்தனர். மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டுமாயின் சில்லு சூடேறக் கூடாது. ஆகவே மிகக் குறைந்த மின்சாரத்தையே இலக்காகக் கொண்டனர். 1985 ஏப்ரலில் முதற்சில்லு வந்து சேர்ந்தது. அது செவ்வனே இயங்கிற்று. ஆனால் மின்னோட்டத்தை அளக்கும் கருவியோ சுழியைக் காட்டிற்று! ஆராய்ந்தபோது, பலகையில் இருந்த ஒரு குறையால் சில்லுக்கு மின்இணைப்பே கிட்டவில்லை என்பது தெரிந்தது. பிற கம்பிகளின் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது வேலை செய்திருக்கிறது. அந்தக் குலத்தில் வந்த சில்லைக் கொண்டுதான், பள்ளிச் சிறார் கணிப்பொறிக் கலையைப் பயில வேண்டும் என்னும் நோக்குடன், அதே கேம்பிரிட்ஜில் ராஸ்பெரி பை உருவாகி 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது.

தேவையானவை சிலவே: அந்தப் பலகை, தரமான மின்னூட்டி, மெமரி கார்டு, பாடல்களுக்கெனத் தனியே ஒரு பென் டிரைவ். நாவிட்ரோம் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனை நிறுவிவிட்டால் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ பாடல் பட்டியல் தோன்றும். பொறியியல் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடித்துத் தருவான். பெண்பிள்ளையாயின் இன்னும் ஒழுங்காகவே முடித்துத் தருவாள் என்பது என் கணிப்பு. பழைய லேப்டாப் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்குமாயின் புதிதாக எதையும் வாங்க வேண்டா. அது சற்றே கூடுதலாக மின்சாரம் கொள்ளும். ஆனால் பேட்டரி நன்னிலையில் இருந்தால், மின்வெட்டில் அதுவே காவலாகிவிடும்.

மின்வெட்டைச் சொல்லக் காரணம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் சட்டென நின்றால் மெமரி கார்டு கெட்டுவிடக்கூடும். பாடல்களை வேறிடத்தில் வைக்கச் சொன்னது அதனாலேயே. பென் டிரைவும் என்றும் அழியாத பொருளன்று. இன்னொரு படி எடுத்து, மணமாகிச் சென்ற மகளின் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்துவிடுங்கள். கடவுச்சொல்லையும் பிறர் எளிதில் ஊகிக்க இயலாததாக அமைத்துவிடுங்கள்.

கூடத்தில் ஓர் ஒலிபெருக்கியையும் இணைப்பது நன்று. ஒவ்வொருவரும் தத்தம் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தனித்தனியே கேட்பதற்கு இத்தனை முயற்சி எதற்கு?

இனிப் பெரும்பணி கேசட்டுகளே. இங்கே குறுக்குவழி இல்லை. 90 நிமிடக் கேசட்டைப் பதிவு செய்ய 90 நிமிடம் ஆகும். நாட்பட்ட நாடா ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள். பூஞ்சை படிந்திருந்தால் மட்டும் ஓட்டாதீர்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். ஒலிப்பதிவுக் கருவியின் தலைப்பகுதியைச் சாராவி தோய்ந்த பஞ்சினால் துடையுங்கள். பின்னர் அதனைக் கணிப்பொறியுடன் இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளால் பதியலாம். குறுந்தகட்டின் தரத்தில் நிமிடத்திற்குச் சுமார் 10 எம்பி ஆகும். எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்தால் பெரும்பாலும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 60 நிமிடக் கேசட்டுகள் நூற்றினைச் சுருக்காமலே வைத்தாலும் 128 ஜிபி பென் டிரைவில் பாதி இடம் எஞ்சியிருக்கும். எம்பி3 வடிவம் சில ஒலிகளை நீக்கியே சுருக்குவது. ஒருமுறையே எடுக்கக்கூடிய குரல்களுக்கு அது வேண்டா.

பதிந்தவற்றிற்குப் பெயரிடும்போது தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றவர் வேறுவாறும் எழுதினால், பின்னர் தேடுகையில் கிட்டாது. பாடியவர், ஊர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகிய நான்கையும் குறியுங்கள். பெயர் எழுதப்படாத கேசட்டுகளையே முதலில் எடுங்கள். பெயர் எழுதியவை ஓராண்டு காத்திருக்கலாம். எழுதாதவற்றில் ஒலிப்பது யாருடைய குரல் என்று கேட்டவுடன் சொல்லக்கூடியவர் வீட்டில் ஒருவரோ இருவரோதாம் இருப்பர். அவர்களுக்கு இப்போது எண்பது வயதாகியிருக்கும். மாலையில் அவர்களை ஒலிபெருக்கியின் அருகே அமர்த்திக் கேட்கச் செய்து, சொல்வதைச் சொல்லியபடியே எழுதிக்கொள்ளுங்கள்.