மோட்டார் நம் கிணற்றில், அதன் கணக்கு எங்கே?

பம்ப்செட் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே செல்போன் மூலம் இயக்கும் கருவிகள் இன்று கிராமங்களுக்கும் வந்துவிட்டன. மின்சாரம் வரும் நேரம் பார்த்து, இருட்டில் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி மோட்டார் கொட்டகைக்கு நடக்கும் சிரமம் இவற்றால் குறைகிறது. தமிழக அரசும் வேளாண்மைப் பொறியியல் துறை வாயிலாக இவற்றுக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. கருவி நல்லதே. ஆனால் வாங்குபவர்கள் விலையையும் மானியத்தையும் விசாரிக்கும்போது முக்கியமான ஒரு கேள்வியை விட்டுவிடக்கூடாது. மோட்டாருக்கு நாம் இட்டு வைக்கும் கட்டளைகள் எங்கே பதிந்து வைக்கப்படுகின்றன என்பதே அது.

எத்தனை மணிக்கு மோட்டார் ஓடவேண்டும், எவ்வளவு நேரம் ஓடவேண்டும், கிணற்றில் தண்ணீர் வற்றி ஆம்பியர் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் நிற்கவேண்டும், எந்தெந்தச் செல்போன் எண்களுக்குக் கட்டுப்படவேண்டும் என்பவை அந்தக் கட்டளைகள். சொட்டுநீர் அமைத்தவர்களுக்கு எந்த வால்வு முதலில் திறக்கவேண்டும், உரக்கரைசல் எத்தனை நிமிடம் போகவேண்டும் என்பதும் இவற்றில் சேரும். கடைக்காரர்கள் இவற்றை 'செட்டிங்' என்கிறார்கள். கிணற்றின் ஊற்றையும் மண்ணின் தன்மையையும் பயிரின் வயதையும் அனுசரித்து, பல நாள் பார்த்துச் சரிசெய்தவை இவை.

இந்தக் கட்டளைகளைப் பதிந்து வைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் எல்லாம் கொட்டகையில் இருக்கும் பெட்டிக்குள்ளேயே பதிவாகின்றன. செல்போன் அழைப்போ குறுஞ்செய்தியோ அவற்றை மாற்றுவதற்கு மட்டும்தான். இரண்டாவது முறையில் அவை கம்பெனியாரின் சர்வரில், அதாவது வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. பெட்டி இணையம் வழியாக அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு காரியமும் செய்யும். வெளியே பார்த்தால் இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோலவே இருக்கும்.

வெளியூர் சர்வரில் வைப்பதால் நன்மை இல்லை என்று சொல்லமுடியாது. செல்போன் தொலைந்தாலும் புதிய போனில் நம் கணக்கைத் திறந்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இடி விழுந்து பெட்டி எரிந்துபோனால், புதுப் பெட்டியில் பழைய கட்டளைகளை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே தண்ணீர் விடும் நேரத்தை மாற்றலாம். இவையெல்லாம் உண்மையான சௌகரியங்கள்.

ஆபத்து எங்கே என்றால், கட்டளைகள் சர்வரில் மட்டுமே இருக்கும்போதுதான். டவர் கிடைக்காவிட்டாலும், சிம் கார்டுக்குப் பணம் கட்டத் தவறினாலும், ஆண்டுச் சந்தா முடிந்துவிட்டாலும் பெட்டிக்கு என்ன செய்வதென்று தெரியாது. பூ எடுக்கும் தருணத்தில் மிளகாய்க்கும், குலை தள்ளும் தருணத்தில் வாழைக்கும் தண்ணீர் தவறினால் நஷ்டம் நமக்குத்தான். ஓடத் தொடங்கிய மோட்டாருக்கு நிற்கும்படி சொல்ல ஆளில்லாமல் போனால், தண்ணீர் இல்லாத கிணற்றில் ஓடிக் காயில் கருகும்.

கம்பெனியே சர்வரை மூடிவிடுவதும் நடக்கக்கூடியதே. அமெரிக்காவில் வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்கும் ரிவால்வ் என்ற கருவி சுமார் 300 டாலருக்கு விற்கப்பட்டது. அந்தக் கம்பெனியை 2014-ல் நெஸ்ட் என்ற கம்பெனி வாங்கியது. 2016 மே மாதம் சர்வர் மூடப்பட்டது. பழுதே இல்லாத கருவிகள் அன்றே பயனற்றுப் போயின. இன்ஸ்டியான் என்ற மற்றொரு கம்பெனியின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றன. செல்போன் வழியாக இயக்குவது நின்றுபோயிற்று. ஆனால் சுவிட்சுகளுக்குள்ளேயே பதிந்திருந்த இணைப்புகள் தொடர்ந்து வேலை செய்தன. உள்ளே பதிந்தது நிலைத்தது, வெளியே இருந்தது போயிற்று என்பதே இதில் நாம் அறியவேண்டிய பாடம்.

செல்போன் எண்ணிலும் கவனம் வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண்ணை, 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்க நம் நாட்டில் விதி இடம் தருகிறது. நம் கணக்கு அந்தப் பழைய எண்ணில் இருந்தால், கணக்கைத் திறக்கும் ரகசிய எண் புதிய சொந்தக்காரருக்குப் போகும். நம் மோட்டாரின் சாவி முன்பின் தெரியாதவர் கையில் சேர்ந்துவிடும். கருவியைப் பொருத்த வந்தவர் அவசரத்தில் தம் எண்ணிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டுப் போனாலும் இதே கதைதான்.

நிலப் பத்திரத்தை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம்? நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. மூலப் பத்திரம் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மோட்டாரின் கட்டளைகளுக்கும் அதுவே சரியான முறை. மூலம் கொட்டகைப் பெட்டியில் இருக்கவேண்டும். நகல் சர்வரில் இருப்பது நல்லது.

ஆகவே கருவி வாங்குமுன் கடைக்காரரை ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லவேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியிலுள்ள சிம் கார்டை அவரையே கழற்றச் சொல்லுங்கள். மீண்டும் மின்சாரம் கொடுத்தபின், குறித்த நேரத்தில் ஸ்டார்ட்டர் இழுக்கிறதா, குறித்த நேரத்தில் விடுகிறதா என்று பாருங்கள். இழுத்தால், கட்டளையும் கடிகாரமும் அதற்கான பாட்டரியும் உள்ளேயே இருக்கின்றன என்று பொருள். இழுக்காவிட்டால் வேறு கருவி பார்ப்பது நலம். தண்ணீர் வற்றினால் நிறுத்தும் பாதுகாப்பும் சிம் இல்லாமல் வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். சந்தா எவ்வளவு, கட்டாவிட்டால் எது நிற்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கவேண்டும். கணக்கு நாம் விடாமல் வைத்திருக்கும் எண்ணில் இருக்கவேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே எல்லாக் கட்டளைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மற்றொரு பிரதியைப் பேனல் போர்டின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சர்வர் நின்றாலும், பெட்டி மாறினாலும், மகன் ஊரில் இல்லாவிட்டாலும் அதைப் பார்த்து மோட்டாரை இயக்கலாம். கையால் இயக்கும் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.

அரசினர் செய்யவேண்டியதும் உண்டு. மானியம் பொதுப்பணம். சிம் இல்லாமலும் இட்ட கட்டளைப்படி ஓடும் கருவிகளுக்கே மானியம் என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும், கம்பெனிகள் தாமாகவே அப்படிச் செய்து தருவார்கள். சர்வரை மூடுவதானால் விவசாயிக்குப் போதிய காலம் முன்னதாக அறிவிப்புத் தந்து, அவருடைய கட்டளைகளை அவரிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் சேர்க்கலாம். அரசுக்கு இதில் அதிகச் செலவு எதுவும் இல்லை. விவசாயிகள் சங்கங்கள் இதை வேளாண்மைக் குறைதீர்க்கும் கூட்டங்களில் எடுத்துச் சொல்லவேண்டும்.