தோல்வாரில் விழுந்த வெட்டு

என் தகப்பனார் காலமாகி இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. அவர் விட்டுப் போன ஆஸ்தியில் இன்றளவும் நான் தினந்தோறும் கையால் எடுத்து உபயோகிப்பது ஒரு மடக்கு க்ஷவரக் கத்தியும், அதைத் தீட்டும் தோல்வாரும்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரின் நட்டநடுவே அரை அங்குல நீளத்துக்கு ஒரு வெட்டுப் போட்டுவிட்டேன்.

'சரக்'கென்ற சப்தம் சமையலறை வரையில் கேட்டிருக்கிறது. "கன்னத்திலா?" என்று அங்கிருந்து கேள்வி வந்தது. "கன்னமாயிருந்தால் நாலு நாளில் ஆறிவிடுமே!" என்றேன். உயிருள்ள தோல் தானே கூடிக்கொள்ளும். பதனிட்ட தோலை நாம்தான் கூட்டியாக வேண்டும்.

இக்காலத்து வாலிபர்களுக்குத் தோல்வார் இன்னதென்று சற்று விளக்கித்தான் ஆகவேண்டும். முன்பெல்லாம் சலூன் நாற்காலியின் பக்கத்தில் ஒரு பட்டை வார் தொங்கும். பாதி பிளேடைச் செருகிக்கொள்ளும் கத்தி வந்த பிறகு அது மறைந்து போயிற்று. ஒருவர் முகத்தில் பட்ட தகடு இன்னொருவர் முகத்தில் படாமலிருப்பது தேக சுகத்துக்கு மிகவும் நல்லது. ஆகையால் அதில் நமக்கு ஆக்ஷேபணை கிடையாது. வீடுகளில் இந்த மாறுதலை உண்டாக்கியவர் அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட். 1903-ஆம் வருஷத்தில் அவருடைய கம்பெனி விற்றது 51 கத்திகளும் 168 தகடுகளும் மாத்திரமே. பிற்பாடு நடந்தது உலகறிந்த விஷயம்.

மடக்குக் கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்புள்ளது. தலைமயிரோ ஐம்பது முதல் நூறு மைக்ரான் வரையில் இருக்கும். அவ்வளவு மெல்லிய எஃகு ஒரு தடவை முகத்தில் ஓடினாலே அங்கங்கே வளைந்து போகிறது. மயிரைவிட எஃகு ஏறக்குறைய ஐம்பது மடங்கு கடினமானது; அப்படியிருந்தும் மயிர் பட்டு எஃகின் வாய் சில்லுச் சில்லாகப் பெயர்வதுண்டு என்று 2020-இல் அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆராய்ந்து சொன்னார்கள். சில்லுப் பெயர்ந்தால் சாணைக்கல்தான் கதி. வளைந்ததை நிமிர்த்துவதற்கும் மெருகேற்றுவதற்குமே தோல்வார்.

தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும். வாய் பின்னே இழுபட்டு வரவேண்டும். வாரின் கோடிக்கு வந்ததும் முதுகு தோலை விட்டு எழாமல், வாய் மட்டும் மேலே எழும்பிப் புரண்டு மறுபக்கம் படியவேண்டும். இரகசியம் முழுவதும் இந்தப் புரட்டலில்தான் இருக்கிறது. முதுகைத் தூக்கி வாயின்மேல் புரட்டினால் வெட்டு விழாமல் என்ன செய்யும்? வாரைத் தளர்த்திப் பிடித்தாலும் இந்தக் கதிதான். கைதேர்ந்தவர் மாதிரி வேகங் காட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம். போன ஞாயிறன்று நான் வேகங் காட்டியது யாருக்காக என்று கேட்காதீர்கள். எதிரே கண்ணாடியைத் தவிர வேறொருவரும் இல்லை.

வெட்டு விழுந்த வாரில் அப்படியே தீட்டலாமா? பள்ளத்தினால் அவ்வளவு தோஷமில்லை. பள்ளத்தின் கரையில் தோல் மேடிட்டு நிற்கிறதே, அதுதான் கத்தியின் வாயைக் கெடுப்பது. ஆகவே பள்ளத்தைத் தூர்ப்பதல்ல, மேட்டைச் சமன் செய்வதுதான் நம் வேலை. வெறும் கீறலானால் விரலால் தடவிப் பார்த்து, தட்டுப்படாவிட்டால் சும்மா விட்டுவிடலாம். அரைகுறையாக அறுந்து செதில்போல் எழும்பி நிற்பதை ஒட்டித்தான் ஆகவேண்டும்.

என்னுடையது செதில் ஜாதி. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடும் ரப்பர் பசையைக் குண்டூசி முனையால் எடுத்துச் செதிலின் அடியில் மெல்லப் பூசினேன். பசை சற்று உலர்ந்து பிசுக்கென்று ஒட்டும் பதம் வந்ததும் செதிலை அழுத்திப் படியவைத்து, மேலே காகிதமும் பலகையும் வைத்து, அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றினேன். அன்றிரவு குழவி அங்கேயே துயின்றது. மறுநாள் காலையில் சட்னி கிடையாது என்ற தண்டனையும் எனக்குக் கிடைத்தது. ஒரு விநாடியில் பிடித்துக்கொள்ளும் நவீனப் பசைகளைச் சிலர் சிலாகிக்கிறார்கள். அவை காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகிவிடுகின்றன. மெத்தென்ற தோலின் நடுவே அப்படி ஒரு கெட்டியான இடம் இருப்பதை நான் விரும்பவில்லை.

மறுநாள் வாரைச் சமமான பலகையில் கிடத்தி, மரக்கட்டையில் சுற்றிய 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, அப்புறம் 600-ஆம் நம்பரால் மழமழப்பாக்கினேன். விரலில் தாளைச் சுற்றிக்கொண்டு தேய்ப்பது கூடாது. அந்த இடம் குழிந்துவிடும். தேய்த்தபின் தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். உப்புத்தாளின் மணல் ஒன்று தோலில் தங்கினாலும் கத்திக்கு அதுவே யமன். பிறகு நிழலில் உலர்த்தி, உள்ளங்கையால் கால் மணி நேரம் உருவிவிட்டால் போதும். எண்ணெயை வார்த்தால் வார் தொய்ந்து போகும்.

வெட்டு வாரின் குறுக்கே ஆழமாகப் பாய்ந்திருந்தால் ஒட்டு நிற்காது. நல்ல பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, சமமான பலகையில் ஒட்டித் தீட்டுபலகையாக வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் விழும் சிறு வெட்டுகளுக்கோ வைத்தியமே வேண்டாம். மேடு இருந்தால் சாய்வாகச் சீவிவிட்டு மறந்துவிடலாம்.

ஓரம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் வாரின் கோடியில், வலது ஓரத்தில், ஐந்தாறு சிறு வெட்டுகள் வரிசையாக இருப்பதைக் கவனித்தேன். அவை என் கைவரிசையல்ல. நாற்பது வருஷம் தீட்டியும் வாரில் கீறல் படாமல் பார்த்துக்கொண்ட என் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் கண்டது. கத்தியைத் தொடக்கூடாதென்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லி, பிளாஸ்டிக் கத்தி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நாங்கள் எழுந்திருக்குமுன் விடியற்காலையில் அவர் இந்த வாரை எடுத்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

விரலால் தடவிப் பார்த்தேன். மேடு எதுவும் தட்டுப்படவில்லை. உப்புத்தாளை மடித்து வைத்துவிட்டு வாரைப் பழைய ஆணியில் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில் மெதுவாக, எண்ணிக்கொண்டே, நாற்பது தடவை தீட்டினேன். நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தில் கத்தி தடங்கலின்றிப் போயிற்று.