கோணல் தந்த துறை

சென்னையிலிருந்து தங்கையின் மகன் ஒரு வாரம் வந்து நின்றான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவன். வந்த மறுநாள் திருகோணமலை உட்துறைமுக வீதியால் ஓட்டோவில் போனோம். சாரதித் தம்பி ஒரு கையால் தண்ணீருக்கு அப்பால் காட்டி, "அங்கால தெரியிறது சீனக்குடா. எண்ணெய்க் குதமெல்லாம் அங்கதான்" என்றார்.

"மாமா, குடான்னா என்ன?" என்றான் மருமகன்.

"வளைகுடாவில வேலை எண்டு சொல்றதில்லையா? அந்தக் குடாதான்."

"அது துபாய் பக்கம்னு தெரியும். வெறும் குடான்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. சீனக்குடா, கொட்டியாரக்குடா, யாழ்ப்பாணக் குடாநாடு என்று பிறந்த நாள் முதல் நாவில் புரளும் சொல். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் தீபகற்பம் என்று வடமொழியில் சொல்வதை நாங்கள் குடாநாடு என்றுதான் படித்தோம். ஆனால் அந்தக் 'குடா'வை ஒருநாளும் தனியே எடுத்துப் பார்த்ததில்லை.

இரவு அகராதியை விரித்தேன். 'குட' என்பது பழைய பெயரடை. வளைந்த என்று பொருள். குடக்கம், குடவு, குடா எல்லாம் அதன் பிள்ளைகள்; எல்லாமே வளைவுதான். குடமும் குடையும்கூட இந்த வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அவற்றுக்குத் தனித்தனிப் பதிவு போட்டிருக்கிறது. வட்டமாக இருப்பதெல்லாம் உறவாகிவிடாது போலும்.

மருமகன் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ரவுண்ட்' அவர்களுடைய சொந்தச் சொல் அல்லவாம். சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். அதற்கு முன் அவர்களிடம் 'சினெவெயால்ட்' என்றொரு பெயரடை இருந்ததாம். முதற்பாதிக்கு 'என்றும்' என்று பொருள். மறுபாதி உருள்வதைச் சொல்வது. என்றும் உருண்டுகொண்டிருப்பது எதுவோ அது உருண்டை. இவ்வளவு அழகான சொல்லை வைத்திருந்து, பிரெஞ்சுக்காரன் வந்ததும் கைவிட்டிருக்கிறார்கள். எங்கள் 'குட' தனியாக நிற்கும் வலுவை இழந்துவிட்டது. ஆனாலும் குடாவாக இந்தக் கரையில் உயிரோடு இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

பெருமை அடுத்த பக்கம் புரட்டும்வரைதான். 'குட'வுக்கு அண்ணன்மார் 'கொடு', 'கோடு', 'கோண்'. சங்கப் பாடல்களில் 'கொடு' நல்ல பிள்ளை. வளைந்த காதணி கொடுங்குழை, வளைந்த படகு கொடுந்திமில், வில் கொடுமரம். அதே சொல்தான் பிறகு கொடுமையாகவும் ஆனது. நேராக நின்ற செம்மை நல்லதாக, வளைந்தது கெட்டதானது. திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை. அதை அடுத்தே கொடுங்கோன்மை. கோணல் என்றால் ஏளனம். கோட்டம் என்றால் நீதி தவறியது. பேச்சுக்கும் இதே தீர்ப்பு: நடுவில் இருந்தவர்கள் பேசியது செந்தமிழ்; சுற்றிலும் பன்னிரண்டு நாடுகளை அடுக்கி, அங்கே பேசியது கொடுந்தமிழ் என்றார்கள் இலக்கணக்காரர்கள்.

வள்ளுவர் மட்டும் ஓரிடத்தில் வளைவின் பக்கம் நிற்கிறார். கூடாவொழுக்க அதிகாரத்தில் அம்பையும் யாழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரான அம்பைக் கொடியது என்றும் வளைந்த யாழை நல்லது என்றும் காட்டுகிறார். உருவத்தைப் பார்க்காதே, செயலைப் பார் என்பது பேச்சு. தொல்காப்பியரும் உரியியலில் 'தட' என்ற சொல்லுக்குப் பெருமை என்று பொருள் தந்துவிட்டு, கோட்டம் என்ற பொருளும் அதற்கு உண்டு என்கிறார். எருமையின் கொம்பை அதற்கு உதாரணம் காட்டுவார்கள் உரைகாரர்கள். பெரியதும் வளைந்ததும் ஒரே சொல்லில்! திருகோணமலைத் துறைமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரடை எனக்குத் தெரியவில்லை.

ஊரின் பெயரிலேயே கோண் இருக்கிறது. கோகர்ணத்திலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார்; மலையின் கோணத்திலிருந்து வந்தது என்பார் மறுசாரார். பெயர் எப்படி வந்ததோ, பிழைப்பு வந்தது கோணலால்தான். சோழமண்டலக் கரை நெடுகக் கோடு போட்டாற்போல நேரானது. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டத் தொடங்கும்வரை கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஐப்பசி கார்த்திகையில் வாடை கிளம்பினால் ஒதுங்க இடம் கிடையாது. இங்கே கடல் நிலத்துக்குள் வளைந்து, அதற்குள் இன்னொரு தரம் வளைந்து நிற்கிறது. கரைக்குக் கிட்டவே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு. வெளியில் எவ்வளவு அலை அடித்தாலும் உட்துறைமுகத்தில் வள்ளம் தொட்டில் மாதிரித்தான் ஆடும்.

1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் புயலடித்து 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் போயிற்று. புதுமரம் நாட்ட அது கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. மரம் கிடைத்ததோ இல்லையோ, கப்பல் தலைவரும் அவர் மகன் ரொபட் நொக்ஸும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தடியில்தான் பிடித்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். தகப்பன் சிறைப்பட்ட நிலையிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பினான். 1681இல் அவன் எழுதி வெளியிட்ட புத்தகத்தால் இந்தத் தீவு இங்கிலாந்துக்குத் தெரியவந்தது.

ஒதுக்குத் தரும் வளைவு பிடித்தும் வைக்கும். கரைவலைக்காரரைக் கேட்டால் தெரியும். வள்ளத்தில் வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய்க் கரைக்குத் திரும்புவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். நேராக விட்ட வலையில் சம்மாட்டிக்கு என்ன மிஞ்சும்?

இந்த ஊரும் அப்படிப் பலரை இழுத்தது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள் போர்த்துக்கேயர். பின்னால் ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுக் கடற்தளபதி சுஃப்ரன் பறித்தார். 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். கடற்படைத்தளத்தை அவர்கள் விட்டுப்போனது 1957இல். விட்டுச்சென்றவற்றில் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் அடங்கும்: ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான தொன் கொள்ளும் வட்ட வட்டமான இரும்புப் பானைகள், இன்றைக்கு 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு போட்டபோது அழிந்த ஒன்று இந்தக் கணக்கில் இல்லை. வளைவுக்குள் வட்டங்களை அடுக்கி வைத்தால் உலகம் எட்டிப் பார்க்காமல் இருக்குமா?

கடைசி நாள் கிண்ணியாப் பாலத்தில் நின்றோம். "2009இல பாலம் திறக்கிறதுக்கு முந்தி இதால பாதையிலதான் போறது" என்றேன்.

"தண்ணில ஏது மாமா பாதை?"

மிதந்து வந்து ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் தட்டுக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர் என்று விளக்கினேன். அவன் சிரித்தான். இலக்கணக்காரரின் கணக்கில் இதெல்லாம் கொடுந்தமிழ்தான். இருக்கட்டும். நேர்க்கரையில் பாய்மரம் முறிந்த எத்தனையோ சொற்கள் இப்படி வளைந்த இடங்களில் வந்து ஒதுங்கியிருக்கின்றன. குடா அதில் ஒன்று. ஒதுங்கியதைப் பிடித்தும் வைத்திருக்கிறோம். நொக்ஸைப் போலத் தப்பிப் போகவில்லை.

போய்ச் சேர்ந்த அன்று மாலை தொலைபேசியில் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: "வந்துட்டேன் மாமா. பீச்சுக்குப் போனேன். மெரினா ரொம்ப நேரா இருக்கு."