சத்தியப்பிரமாணத்துக்குப் பிறகு யார் பார்க்கிறோம்?



எங்களிடம் ஏழாம் வகுப்பில் படித்த ஒரு மகள் உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்த நாள் நினைவிருக்கிறது. கறுப்புக் கோட்டுப் படத்துக்குக் கீழே எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டோம். பாடசாலைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். ஒன்றரை வருடம் கழித்து அவரைச் சோனகதெருவில் கண்டோம். "இப்ப கோட்ஸுக்குப் போறதில்லை சேர். ஒரு கடையில கணக்குப் பார்க்கிறன்" என்றார்.

அவர் திறமையில் குறைந்தவர் அல்ல. பரீட்சை வரைக்கும் கூட நின்ற நாங்கள், பரீட்சை முடிந்ததும் கையை எடுத்துவிட்டோம். அதுதான் நடந்தது.

இந்த நாட்டில் ஒருவர் சட்டத்தரணியாவது எப்படி என்பது எங்கள் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் எடுத்தால் மட்டும் போதாது. கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் எழுத வேண்டும். பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிலுநராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சத்தியப்பிரமாணம். கோட்டுப் போட்ட பிறகும் சில வருடங்கள் யாராவது ஒரு சீனியருக்குப் பின்னால் கோப்புத் தூக்கினால்தான் தொழில் கைக்கு வரும்.

இந்தக் காலத்தில் ஜூனியருக்கு மாதச் சம்பளம் என்று உறுதியாக ஒன்றும் இல்லை. சீனியர் மனம் வைத்துக் கொடுத்தால் உண்டு. அப்பாவோ மாமாவோ சட்டத்தரணியாக உள்ள பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் சீனியர் கிடைக்கிறார். எங்கள் மகள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். "யார் அனுப்பியது?" என்பதுதான் முதல் கேள்வியாம். அவரை அனுப்ப நாங்கள் யாரும் முன்வரவில்லை. மாறாக, "எத்தனை நாளைக்குச் சும்மா அலைவாய், ஒரு வேலையை எடு" என்று புத்தி சொன்னோம். அப்படிச் சொன்னவர்களில் ஆசிரியர்களான நாங்களும் இருந்தோம். அதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் ஊருக்குச் சட்டம் புதிது அல்ல. இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். அவருடைய வாப்பா எஸ்.எம். அபூபக்கர் பிரக்கிராசியாக இருந்தவர். அந்தத் தொடர்ச்சி 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அறுந்தது. இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போனவர்களுக்குக் காணி உறுதியை எடுக்கவே நேரம் இருக்கவில்லை, பிள்ளையின் தொழிலை யார் யோசிப்பது?

திரும்பி வந்தபோது சட்டம் எவ்வளவு தேவை என்பது புரிந்தது. பத்து வருடம் ஒருவர் காணியை ஆண்டால் அவருக்கே உரிமை என்று கோர முடியும். போரினால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்கும் கால எல்லை இருந்தது. எங்கள் ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து நின்று அதை எளிய தமிழில் விளக்க ஒரு சட்டத்தரணி இருந்திருந்தால், எத்தனை வீடுகள் நேரத்தோடு நீதிமன்றம் போயிருக்கும்?

முஸ்லிமுக்கு முஸ்லிம் சட்டத்தரணிதான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் காணி வழக்குகளை நேர்மையாக நடத்தித் தந்த தமிழ்ச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களிடமே தொழில் பழக வேண்டும் என்றுதான் கேட்கிறோம். ஒரே அறையில் ஒரே கோப்பைப் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மேடையில் பேசும் நல்லிணக்கத்தை விடக் கூடுதலாகச் செய்வார்கள்.

ஆகவே மூன்று விடயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, பணம். 20 குடும்பங்கள் மாதம் 1,000 ரூபா போட்டால் 20,000 ரூபா. ஒரு பிள்ளையின் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் அது பெரிய துணை. ஒரு வலீமாவில் மிஞ்சும் சாப்பாட்டின் கணக்கைப் பார்த்தால் இது பாரமாகத் தெரியாது. கடனாக வேண்டாம். அவர் நிலைத்த பிறகு அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.

இரண்டு, அறிமுகம். உங்கள் வழக்கை நடத்திய சட்டத்தரணியிடம் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இரண்டு பேர் நேரில் போய், "இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று கேளுங்கள். யார் அனுப்பியது என்ற கேள்விக்கு ஊர் பதில் சொல்லட்டும்.

மூன்று, பிள்ளைகளுக்கு. வழக்காடுவது மட்டும் சட்டத் தொழில் அல்ல. நொத்தாரிசு அனுமதி எடுத்து உறுதி எழுதலாம். சட்ட உதவி ஆணைக்குழு, சட்டமா அதிபர் திணைக்களம், சட்ட வரைஞர் திணைக்களம், வங்கிகளின் சட்டப் பிரிவு என்று கதவுகள் உண்டு. அனுபவம் சேர்ந்த பிறகு நீதிச்சேவைப் போட்டிப் பரீட்சை இருக்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அதற்காக ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். கொழும்பில் மேன்முறையீட்டுக்கும் கம்பனி வேலைக்கும் அது இல்லாமல் சரிவராது. சிங்களமும் படியுங்கள்.

அந்த மகளோடு மீண்டும் பேசினோம். கோட்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறதாம். அதை வெளியே எடுக்க வைப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் 1,000 ரூபாவை எங்கள் ஆசிரியர் அறையிலிருந்து தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். அடுத்தது யார் என்று கீழே எழுதுங்கள்.